ஏட்டில் அழித்தெழுதலாமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. ஏட்டிலே எழுதிய சுரைக்காயை அரிய முடியாது, அடுப்பிலே ஏற்ற முடியாது என்பது அதன் பொருள். இன்றோ காலம் தலைகீழாக மாறிவிட்டது. கையிலே சுரைக்காய் இருந்தாலும் ஏட்டிலே இல்லையென்றால் அது இல்லைதான்! கொண்டுபோய்க் கொடுத்த பொருளைக் 'கொடுக்கவில்லை' என்று ஏடு சொன்னால் கூலி கிடையாது. திருப்பிக் கொண்டுவந்த பொருளைக் 'கொடுத்தாகிவிட்டது' என்று ஏடு சொன்னால் அதன் விலையைக் கைக்காசிலிருந்து கட்டியே தீர வேண்டும்.

நான் குறிப்பிடும் ஏடு, வீடு தேடிப் பொருள் கொண்டுவந்து தரும் நிறுவனங்களின் கணிப்பொறிக்குள்ளே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர் நிர்வாக மென்பொருளாகும். செயலி வழியாக வேலை பெற்று, வேலைக்கு வேலை கூலி வாங்கி உழைப்போர் நம் நாட்டில் 2020-21ஆம் ஆண்டில் 77 இலட்சம் பேர் என்றும், 2029-30இல் அவர்கள் 2 கோடியே 35 இலட்சம் பேர் ஆவர் என்றும் நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. வாடகை வண்டி ஓட்டுவோரும் பொருள் விநியோகம் செய்வோரும் இவர்களுள் அடங்குவர். இத்தனை பேருடைய அன்றாடக் கூலியை எழுதும் ஏடு எப்படி எழுதப்படுகிறது என்பதை, கணிப்பொறி அறிவியல் படிக்கும் நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம் அன்றோ!

பின்கட்டில் நடப்பது என்ன?

வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவது கைப்பேசித் திரை மட்டுமே. அது கடையின் முன்கட்டு. அங்கே படம் இருக்கும், விலை இருக்கும், ஒரு பொத்தான் இருக்கும். பொத்தானை அழுத்தியவுடன் பின்கட்டிலே வேலை தொடங்குகிறது. ஆர்டருக்கு ஓர் எண் தரப்படுகிறது. கிடங்கிலே சரக்கு இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. சரக்கு கட்டப்படுகிறது, வண்டி ஏறுகிறது, நகரத்துக் கிடங்கில் தெருவாரியாகப் பிரிக்கப்படுகிறது, விநியோகத் தொழிலாளியின் பையிலே ஏறுகிறது, முடிவில் ஒரு வீட்டு வாசலை அடைகிறது, அல்லது வந்த வழியே திரும்புகிறது. ஒவ்வொரு படியிலும் அந்த ஆர்டருக்கு நேரே 'நிலை' என்னும் கட்டத்தில் ஒரு சொல் எழுதப்படுகிறது. 'பெறப்பட்டது', 'கட்டப்பட்டது', 'விநியோகத்திற்குப் புறப்பட்டது', 'ஒப்படைக்கப்பட்டது', 'திரும்பியது' என்று அச்சொற்கள் போகும்.

ஒரே ஒரு சொல்! அந்தச் சொல்லை வைத்துத்தான் வாங்கியவருக்குப் பணம் திரும்புகிறது; விற்றவருக்குப் பணம் சேருகிறது; சுமந்தவருக்குக் கூலி கணக்கிடப்படுகிறது.

இந்த மென்பொருளைச் செம்மைப்படுத்த வேண்டும் என்று பேசாத நிறுவனம் இல்லை. ஆனால் செம்மை என்று அவர்கள் கருதுவது பெரும்பாலும் வேகத்தையே. ஒரு மணி நேரத்தில் வருவது அரை மணியில் வர வேண்டும். அரை மணியில் வருவது பத்து நிமிடத்தில் வர வேண்டும். வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் வேகத்திற்கு முன்னே வர வேண்டியது உண்மை. ஏடு உண்மை பேச வேண்டுமானால் அதில் எழுதியதை அழிக்கக் கூடாது. ஒன்றை இரண்டாக எண்ணக் கூடாது. யாரைப் பற்றி எழுதப்படுகிறதோ அவர் கண்ணுக்கு மறைக்கக் கூடாது. இதுவே என் கருத்து.

கரிக்கோடும் பதிவு அஞ்சலும்

என் தந்தையார் காய்கறி மண்டியில் மூட்டை சுமப்பவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவருடைய கூலிக் கணக்கில் தகராறு வந்ததாக நான் கேட்டதில்லை. காரணம், மண்டிச் சுவரில் இழுக்கப்படும் கரிக்கோடு. மூட்டைக்கு ஒரு கோடு. நான்கு கோட்டின் குறுக்கே ஐந்தாவது கோடு. கணக்குப்பிள்ளையும் அதைப் பார்க்கிறார், சுமப்பவரும் பார்க்கிறார். மாலையில் கூலி கைக்கு வரும்வரை அந்தச் சுவரில் யாரும் துணி போட்டுத் துடைப்பதில்லை.

பதிவு அஞ்சலின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. பதிவு அஞ்சல் சேவை 2025ஆம் ஆண்டில் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் பல தலைமுறைகளாக மக்கள் அதன்மேல் வைத்திருந்த நம்பிக்கைக்குக் காரணம் என்ன? தபால் கைமாறும் இடத்திலெல்லாம் ஒரு பதிவு உண்டு. பெற்றவர் கையொப்பம் உண்டு. புதிய பதிவு எழுதப்படும்போது பழைய பதிவு அழிக்கப்படுவதில்லை. தபால் தொலைந்தால் கடைசியாக யார் கையில் இருந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கலாம்.

சார்பதிவாளர் அலுவலகத்தையும் பாருங்கள். பதிவான கிரயப் பத்திரத்தில் சர்வே எண் தவறிவிட்டால் பழைய பத்திரத்தைச் சுரண்டி யாரும் திருத்துவதில்லை. பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியே ஒன்று எழுதிப் பதிவு செய்கிறார்கள். பழையதும் இருக்கிறது, திருத்தமும் இருக்கிறது. இத்தாலி நாட்டுப் பேரறிஞர் லூக்கா பாச்சியோலி இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை 1494இல் வெனிஸ் நகரில் அச்சான தம் நூலில் விளக்கினார். அம்மரபில் வந்த கணக்கர்கள் தவறான பதிவை அழிப்பதில்லை. அதற்கு எதிர்ப் பதிவு ஒன்றைப் போட்டு நேர் செய்வார்கள்.

சுவரும் பத்திரமும் பேரேடும் கடைப்பிடிக்கும் இந்த நெறியைக் கணிப்பொறி ஏன் மறந்தது?

அழிப்பதால் வரும் கேடு

நம் ஆய்வுக்கூடத்தில் தரவுத்தளப் பயிற்சியில் 'அப்டேட்' என்னும் கட்டளையைக் கற்கிறோம். ஒரு மாணவரின் மதிப்பெண் 45 என்று இருக்கும். கட்டளை கொடுத்தால் 54 ஆகிவிடும். 45 எங்கே போயிற்று? போனது போனதுதான்! பல ஆர்டர் மென்பொருள்களில் 'நிலை' என்னும் கட்டம் இப்படித்தான் மாற்றப்படுகிறது. புதிய சொல் வந்து உட்காரும்போது பழைய சொல் இருந்த சுவடே இல்லாமல் மறைந்துவிடுகிறது.

இதில் என்ன கேடு என்று கேட்கலாம். என் தமையனார் ஒரு நிறுவனத்திற்குப் பார்சல் விநியோகம் செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் பத்தாம் வகுப்போடு நின்றுகொண்டதால்தான் நான் மிதிக்க முடிந்தது. ஒரு நாள் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பார்சலைப் பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார்கள். பணம் பெற்றுக்கொண்டு கொடுக்க வேண்டிய பார்சல் அது. விலை 1,340 ரூபாய். கீழ்த்தளத்தில் நின்று 'திரும்பியது' என்று பதிவு செய்தார். அங்கே அலைவரிசை கிடைக்கவில்லை. பார்சலைக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு வீடு வந்தார். வார முடிவில் பார்த்தால் அந்தப் பார்சல் 'ஒப்படைக்கப்பட்டது' என்று ஏட்டில் நிற்கிறது! 1,340 ரூபாய் அவருடைய கூலியில் பிடிக்கப்பட்டது. "சார், நான் திருப்பிக் கொண்டுவந்து வச்சேனே" என்றார். "சிஸ்டத்துல இப்படித்தான் இருக்கு தம்பி, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் மேலாளர்.

பதினெட்டு நாள் கழித்துக் கிடங்கின் அலமாரியிலேயே அந்தப் பார்சல் கிடைத்தது. யாரோ ஒருவர் 'திரும்பியது' என்று ஏட்டைத் திருத்தினார். நீதி கிடைத்துவிட்டது என்றுதான் நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில் என்ன தெரியுமா? "இந்தப் பார்சல் திரும்பியது என்றுதானே இருக்கிறது? ஒப்படைத்ததாகப் பதிவே இல்லையே? பிறகு எப்படிப் பணம் பிடித்திருப்பார்கள்?" என்று கேட்டார்கள். பிழையைத் திருத்திய கை, பிழை நடந்ததற்கான சான்றையும் சேர்த்தே அழித்துவிட்டது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

இதில் யாரையும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மேலாளருக்குத் தெரிந்தது திரையில் இருந்த ஒரு சொல்தான். குற்றம் ஏட்டின் அமைப்பில் இருக்கிறது. பழைய நிலையை அழிக்காமல், ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனி வரியாகச் சேர்த்துக்கொண்டே போகும்படி அந்த மென்பொருள் அமைந்திருந்தால் நடந்ததெல்லாம் வரிசையாகத் தெரிந்திருக்கும். இன்ன நாள், இன்ன மணிக்கு, இன்னார், இன்ன காரணத்தால் என்று ஒவ்வொரு வரியும் பேசியிருக்கும். நடப்பு நிலை வேண்டுமானால் கடைசி வரியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இது என் புதுக் கண்டுபிடிப்பு அன்று. தரவுத்தளத் துறையில் 1998ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது பெற்ற ஜிம் கிரே, 1981இல் எழுதிய ஆய்வுரையிலேயே இதை விவாதித்திருக்கிறார். இருந்த இடத்திலேயே திருத்தி எழுதும் முறை நூற்றாண்டுக் கணக்கான கணக்கு மரபுக்கு மாறானது என்னும் எண்ணத்தை அதில் அவர் எடுத்துக்காட்டினார். அந்த நாளில் சேமிப்பு வட்டின் விலை யானை விலை. எனவே அழித்தெழுதுவதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று அந்த நியாயம் இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை!

ஒன்றை இரண்டாக எண்ணும் பிழை

அடுத்த பிழை இது. பொத்தானை அழுத்துகிறோம்; திரை அசையாமல் நிற்கிறது. என்ன செய்வோம்? மறுபடியும் அழுத்துவோம். முதல் அழுத்தலும் போய்ச் சேர்ந்திருந்தால் பின்கட்டிலே ஒரே செயல் இரண்டு முறை பதிவாகிவிடக்கூடும். ஒரு முறை வாங்கிய பணம் இரண்டு முறை வாங்கியதாக ஆகும். ஒரு சரக்குக்கு இரண்டு ஆர்டர் கிளம்பும்.

இதற்கு மருந்து மிக எளிது. ரசீதுப் புத்தகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் எண் அச்சிட்டிருப்பதைப் போல, கைப்பேசியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு செயலுக்கும் அங்கேயே ஒரு தனி எண் கொடுத்துவிட வேண்டும். மறுபடி அழுத்தினாலும் அதே எண்தான் போக வேண்டும். 'இந்த எண் ஏற்கெனவே வந்துவிட்டது' என்று பின்கட்டு அதை அறிந்து, இரண்டாவதைக் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும். நூறு முறை அழுத்தினாலும் நடப்பது ஒரு முறைதான் என்னும் உறுதி இதனால் கிடைக்கும்.

எந்தக் கடிகாரம் சரி?

அலைவரிசை இல்லாத இடத்தில் மாலை 3.10க்கு ஒரு பார்சலைக் கொடுக்கிறார் தொழிலாளி. 3.40க்குச் சாலைக்கு வந்த பிறகுதான் செய்தி போய்ச் சேருகிறது. பின்கட்டு 3.40 என்று எழுதிக்கொள்கிறது. அரை மணித் தாமதம்! தாமதக் குறி விழுகிறது, ஊக்கத்தொகை குறைகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வெவ்வேறு இடங்களில் இருக்கும் கணிப்பொறிகளுக்குள் எது முன், எது பின் என்று முடிவு செய்வது எளிதன்று. லெஸ்லி லாம்போர்ட் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுரை இதைப் பற்றியதே. ஒரு செய்தி அனுப்பப்பட்டது முன், பெறப்பட்டது பின் என்று உறுதியாகச் சொல்லலாம். தமக்குள் எந்தச் செய்தித் தொடர்பும் இல்லாத இரண்டு நிகழ்ச்சிகளில் எது முந்தியது என்று அவ்வாறு உறுதியாகச் சொல்ல இயலாது என்று அவர் காட்டினார். 2013ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

ஆகவே ஒரே நேரத்தை எழுதிவிட்டு அதையே முடிந்த முடிபாகக் கொள்வது அறிவியலுக்கே ஒவ்வாத செயல். தொழிலாளியின் கைப்பேசியில் நிகழ்ந்த நேரம், பின்கட்டுக்கு வந்து சேர்ந்த நேரம் என இரண்டையும் எழுத வேண்டும். கைப்பேசியில் நடந்த செயல்களுக்கு வரிசை எண்ணும் தர வேண்டும். இரண்டு நேரங்களுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் தண்டிப்பதற்கு முன் காரணம் கேட்க வேண்டும்.

வாசலுக்குப் போகாதவர் எழுதிய பட்டியல்

பொருளைக் கொடுக்க இயலாதபோது காரணத்தைக் குறிக்க வேண்டும். அதற்கென ஒரு பட்டியல் திரையில் வரும். என் தமையனாரின் திரையில் உள்ளவை மூன்றே காரணங்கள்: 'வாடிக்கையாளர் இல்லை', 'முகவரி தவறு', 'பெற மறுத்தார்'. தெருவிலே முழங்கால் அளவு மழைநீர் நின்றால் எதைக் குறிப்பது? காவலாளி உள்ளே விடாவிட்டால் எதைக் குறிப்பது? கொடுத்திருக்கும் தொலைபேசி எண்ணே தவறாக இருந்தால்? ஏதாவது ஒன்றைக் குறித்தால்தான் அடுத்த பார்சலுக்குப் போக முடியும். எனவே எல்லாவற்றுக்கும் 'வாடிக்கையாளர் இல்லை' என்றே குறிக்கிறார். அந்த நேரத்தில் வீட்டில் காத்திருந்த வாடிக்கையாளர், 'நான் வீட்டில்தானே இருந்தேன்!' என்று புகார் எழுதுகிறார். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். இடையிலே இருக்கும் ஏடு மட்டும் பொய் சொல்கிறது!

முகவரியின் கதையும் இதுவே. ஸ்ரீராம் பிக்காஜி வேலங்கர் வகுத்த அஞ்சல் குறியீட்டு எண் முறை 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கங்களில் முதல் மூன்று பிரிப்பு மாவட்டத்தையும், கடைசி மூன்று அஞ்சல் அலுவலகத்தையும் காட்டும். அதற்குமேல் வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தது தபால்காரரின் நினைவாற்றல்தான். 2025இல் அஞ்சல் துறை டிஜிபின் என்னும் பத்து எழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்திருக்கிறது. ஏறத்தாழ 4 மீட்டர் சதுர இடத்தைக்கூட அது சுட்டிக்காட்டும். நல்லதுதான். ஆனால் மாடிப்படி பின்பக்கம் இருக்கிறது என்பதை எந்தக் குறியீடு சொல்லும்? ரேஷன் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில்தான் வண்டி நுழையும் என்பதை எது சொல்லும்? போய் வந்தவர் சொல்ல வேண்டும். அவர் சொன்னதை அடுத்து வருபவருக்காக ஏடு காத்து வைக்க வேண்டும். பட்டியலை வகுக்கும் அறையில் பையைச் சுமப்பவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பிரிட்டனில் நடந்தது

ஒரு பார்சலுக்கும் 1,340 ரூபாய்க்கும் இத்தனை பெரிய கட்டுரையா என்று சிலர் எண்ணலாம். கணிப்பொறி ஏட்டை மனிதன் பேச்சுக்கு மேலாக நம்பினால் அது எதுவரை கொண்டுபோய்விடும் என்பதைப் பிரிட்டன் உலகுக்குக் காட்டியிருக்கிறது.

அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் 1999 முதல் 'ஹொரைசன்' என்னும் கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் நிறுவியது. அதை அமைத்தது ஃபுஜிட்சு நிறுவனம். கிளைகளை நடத்திய துணை அஞ்சல் அலுவலர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. 'நாங்கள் எடுக்கவில்லை' என்று அவர்கள் கதறினார்கள். யாரும் கேட்கவில்லை. கணிப்பொறி சரியாக இயங்கியது என்று மெய்ப்பித்த பிறகே அதன் பதிவைச் சான்றாக ஏற்க வேண்டும் என்றிருந்த சட்டப்பிரிவும் 1999இல் இயற்றிய ஒரு சட்டத்தால் நீக்கப்பட்டது. 1999க்கும் 2015க்கும் இடையே 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்றனர். சிலர் சிறை சென்றனர். பலர் வீட்டையும் சேமிப்பையும் இழந்தனர்.

ஆலன் பேட்ஸ் என்னும் முன்னாள் அலுவலர் முன்னின்று, 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று இலண்டன் உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கிளை அலுவலருக்குத் தெரியாமலேயே ஃபுஜிட்சு ஊழியர்கள் தொலைவிலிருந்து கிளையின் கணக்கை மாற்ற முடிந்தது என்பதும் வெளிப்பட்டது. திரை அசையாமல் நின்றபோது விசையை மறுபடி மறுபடி அழுத்தியதால் ஒரே தொகை பல முறை பதிவான பிழையும் அவற்றுள் ஒன்று. நான் மேலே சொன்ன அதே பிழைதான்! முடிவில் 2024இல் பிரிட்டன் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றித் தண்டனைத் தீர்ப்புகளை மொத்தமாக நீக்கியது. இழந்த இருபது ஆண்டுகளை எந்தச் சட்டம் திருப்பித் தரும்?

ஏடு இருந்தால் மட்டும் போதாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். யார்மீது குற்றம் சாட்டப்படுகிறதோ அவரும் அந்த ஏட்டை வரிக்கு வரி படித்துப் பார்க்கும் உரிமை பெற்றிருக்க வேண்டும்.

மறுப்புரைகளுக்கு விடை

'எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்தால் செலவு ஏறுமே' என்பார் நிறுவனத்தார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆர்டருக்கு 12 பதிவுகள், ஒரு பதிவுக்கு 300 பைட் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 10,000 ஆர்டர் கொண்ட நடுத்தர நிறுவனத்திற்கு ஒரு நாள் பதிவு 36 எம்பி. ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 13 ஜிபி. கைப்பேசியில் போடும் 32 ஜிபி நினைவட்டையில் பாதிகூட நிரம்பாது! பாதுகாப்புக்காக மூன்று நான்கு படிகள் எடுத்து வைத்தாலும் இது ஒரு செலவா?

'தொழிலாளி பொய் சொன்னால்?' என்பார் வேறொருவர். அழியாத ஏடு பொய்யான தொழிலாளியையும் காட்டிக்கொடுக்கும். அழித்தெழுதும் ஏடோ நாற்காலியில் அமர்ந்து திருத்துபவரின் பொய்யை மட்டும் மறைத்துக் காப்பாற்றும். நேர்மையாளருக்கு எந்த ஏடு நல்லது என்று நான் சொல்ல வேண்டுமா?

'எல்லாம் பதிவானால் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவும் உளவு பார்க்கப்படாதா?' என்று கேட்போரும் உண்டு. இது நியாயமான அச்சம். பதிவாக வேண்டியது பார்சலின் பயணம் மட்டுமே. வேலை முடிந்த பின் அவர் தேநீர்க் கடையில் நிற்கிறாரா, கோவிலுக்குப் போகிறாரா என்பது ஏட்டுக்குத் தேவையில்லாதது. அந்த எல்லையையும் மென்பொருளிலேயே வரைந்துவிட வேண்டும்.

சட்டமும் நாமும்

அரசுகள் விழிக்கத் தொடங்கியிருக்கின்றன. இத்தொழிலாளர்களுக்காக இராஜஸ்தான் 2023இல் தனிச் சட்டம் கண்டது. தமிழ்நாட்டிலும் அதே ஆண்டில் தனி நலவாரியம் அறிவிக்கப்பட்டது. மைய அரசின் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், எழுத்தில் தக்க காரணம் காட்டி 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்த பின்பே தொழிலாளியை நீக்கலாம் என்று பொதுவிதி செய்திருக்கிறது.

மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் காரணம் எங்கிருந்து எடுக்கப்படும்? அதே ஏட்டிலிருந்துதானே! ஏடு அழித்தெழுதப்பட்டதானால் சட்டம் எதன்மேல் நிற்கும்? எனவே சட்டத்தின் நிழல் தொழிலாளிமேல் விழ வேண்டுமானால் மென்பொருளில் நான்கு வசதிகள் கட்டாயம் வேண்டும். எழுதிய வரி அழியக் கூடாது. ஒரு செயல் ஒரு முறையே எண்ணப்பட வேண்டும். தன் பதிவுகளைத் தொழிலாளி தமிழிலேயே தன் கைப்பேசியில் படிக்க வேண்டும். 'இது தவறு' என்று அவர் மறுப்பு எழுதினால், அந்த மறுப்பும் ஏட்டில் ஒரு வரியாக நிற்க வேண்டும். ஒரு மனிதர் அதைப் படித்து விடை எழுதும்வரை அவர் கூலியில் கை வைக்கக் கூடாது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை இத்தகைய மென்பொருள்களை எழுதும் வேலைக்குப் போகப் போகிறோம். நம்மில் பலருடைய வீட்டிலே மூட்டை சுமக்கும் தந்தையும், பார்சல் சுமக்கும் தமையனும், வீட்டு வேலைக்குப் போகும் தாயும் இருக்கிறார்கள். அவர்கள் வாசலில் நின்று பட்ட பாட்டை அறிந்தவர்கள் நாம். குளிரூட்டிய அறையில் அமர்ந்து கட்டளை எழுதப் போகிறவர்களும் நாமே. இரண்டையும் அறிந்த தலைமுறை இதற்கு முன் நம் வீடுகளில் இருந்ததில்லை. அப்படியிருக்க, 'நிலை' என்னும் அந்த ஒற்றைக் கட்டத்தில் கை வைக்கும்போது, அதன் மறுமுனையில் ஒருவருடைய ஒரு நாள் கூலி இருக்கிறது என்பதை நாமும் மறந்தால் வேறு யார் நினைப்பார்கள்?

இன்றைக்கே தொடங்கலாம். அடுத்த ஆய்வுக்கூட வகுப்பில் ஆர்டர் அட்டவணை ஒன்றை அமைக்கச் சொன்னால், நிலையை மாற்றும் கட்டளையை எழுதுவதற்கு முன், நடந்ததைச் சேர்த்துக்கொண்டே போகும் இரண்டாவது அட்டவணை ஒன்றையும் அமைப்போம். யார், எப்போது, ஏன் என்று மூன்று கட்டங்களை அதில் வைப்போம். மதிப்பெண் கூடக் கிடைக்காமல் போகலாம். பழக்கம் கிடைக்கும். அந்தப் பழக்கம் நாளை எங்கோ ஒரு கிடங்கில், தன் பக்கம் நியாயம் இருந்தும் சான்று இல்லாமல் நிற்கும் ஒருவருக்குச் சான்றாக நிற்கும்.